எங்கே தேங்குகிறது என்று முதலில் பாருங்கள்

உற்பத்தி மேம்பாட்டு முறைகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். லீன் நல்லதா, சிக்ஸ் சிக்மா நல்லதா, டிபிஎம் நல்லதா என்று எங்கள் கேன்டீனில் நடக்கும் வாக்குவாதம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. அப்படிப் பேசுவதற்குப் பினாங்கைவிடப் பொருத்தமான ஊரும் இல்லை. இங்கே பாயான் லெப்பாஸ் பகுதியில் வேலை பார்ப்பவர்கள் உலகத்தின் பெரிய முறைகளையெல்லாம் படிக்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை. அவை எல்லாமே ஒரே தொழிற்பேட்டைக்குள், அடுத்தடுத்த வேலிகளுக்குள் வந்து இறங்கியிருக்கின்றன.

1972இல் மலேசியாவின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் இங்கேதான் தொடங்கியது. அப்போது பினாங்கு முதலமைச்சராக இருந்தவர் டாக்டர் லிம் சொங் இயூ. முதல் அலையில் வந்த நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இந்த ஊர் இன்றும் பெருமையாகச் சொல்லும்: இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட் (எச்பி), நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ். அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி மூன்றும் அந்த ஒரு பட்டியலிலேயே இருப்பதைக் கவனியுங்கள். சிப் பொதியிடலும் சோதனையும் பார்க்கும் தொழிற்சாலைகள் இங்கே பெருகின. எஸ்டேட்டுகளிலிருந்தும் பட்டணத்துக் குடிசைகளிலிருந்தும் எங்கள் தமிழ்ப் பெண்கள் மலாய், சீனப் பெண்களோடு சேர்ந்து தொழிற்சாலைப் பஸ் ஏறினார்கள். ஒரு தொழிற்சாலையில் கற்றதை அடுத்த தொழிற்சாலைக்குக் கொண்டுபோனவர்கள், அங்கிருந்து சொந்தக் கம்பெனி தொடங்கியவர்கள் என்று அறிவு இந்த ஊரில் நடந்தே பரவியது. கேமராவால் சிப்பைப் பரிசோதிக்கும் இயந்திரங்களைச் செய்து உலகுக்கு விற்கும் விட்ரோக்ஸ் இந்த ஊர்க் கம்பெனி. அதைத் தொடங்கியவர்கள் எச்பி, ஏஜிலென்ட் வழியாக வந்த பொறியாளர்கள்.

1982இல் அன்றைய பிரதமர் மகாதீர், ஜப்பானைப் பார்த்துக் கற்போம் என்ற ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்தார். தரக்கட்டுப்பாட்டு வட்டம், நாங்கள் கியூசிசி என்று சொல்வது, அதன்பிறகு நாடு முழுக்கப் பேச்சாயிற்று. 1989இல் அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் கைகோத்துப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். சந்தையில் ஒன்றோடொன்று மோதும் கம்பெனிகள் தங்கள் ஆட்களை ஒரே வகுப்பறையில் உட்கார வைத்தன. எந்த ஊரில் நடக்கும் இது!

சரி, முறைகளுக்கு வருகிறேன்.

என் மனத்தை முதலில் பறித்தது சிக்ஸ் சிக்மா. 1980களில் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் என்ற பொறியாளர் தொடங்கி வைத்த முறை அது. 1988இல் மோட்டோரோலா அமெரிக்காவின் மால்கம் பால்ட்ரிஜ் தர விருதை, அது வழங்கப்பட்ட முதல் ஆண்டிலேயே வென்றது. பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழைக்கு மேல் கூடாது என்பது அதன் இலக்கு. முதலில் கேட்கும்போது இது பேராசையாகத் தெரியும். கணக்குப் போட்டால்தான் அதன் அருமை புரியும். ஒரு சிப் இருபது கட்டங்களைத் தாண்டி வெளியே வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 99 சதவீதம் சரியாக வந்தால் போதும் என்று நினைப்போம். இருபது கட்டமும் முடிந்தபின் முதல் தடவையிலேயே பழுதின்றித் தேறுவது ஏறக்குறைய 82 சதவீதம்தான். நூற்றுக்குப் பதினெட்டு, எங்கோ ஒரு கட்டத்தில் விழுந்துவிட்டது. ‘99 நல்ல மார்க்’ என்ற எண்ணம் எனக்கு இந்தக் கணக்கோடு போனது.

வரையறு, அள, ஆராய், மேம்படுத்து, கட்டுக்குள் வை என்ற ஐந்து படிகளில் எனக்கு உயிரானது இரண்டாவது. அளவைக் கருவியே சரியா என்று முதலில் சோதிக்கச் சொல்கிறது. ஒரே துண்டை இரண்டு ஆப்பரேட்டர்கள் அளந்தால் இரண்டு எண் வருகிறதா? அப்படியானால் இயந்திரத்தைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அளவையைச் சரிசெய். இந்த நேர்மைக்காகவே சிக்ஸ் சிக்மாவைக் கும்பிடலாம். இதன் வேர் இன்னும் பழையது. 1924இல் ஷூஹார்ட் என்ற புள்ளியியலாளர் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம்தான் இன்றும் எங்கள் லைன் சுவரில் தொங்குகிறது, இப்போது திரையில்.

பினாங்கு மோட்டோரோலாவைப் பற்றி ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஒரு வழக்காய்வே எழுதியிருக்கிறது. அங்கே ‘ஐ ரெக்கமெண்ட்’ என்று ஒரு திட்டம் இருந்தது. லைனில் நிற்கும் தொழிலாளி தன் யோசனையைத் தாளில் எழுதித் தருவார், நிர்வாகம் அதைப் பார்க்கும். புள்ளியியலைத் தலையில் வைத்துக் கொண்டாடிய கம்பெனி, ஆப்பரேட்டரின் கையெழுத்துத் தாளையும் அப்படியே மதித்தது. எங்கள் ஊரில் இது நடந்தது என்பதில் எனக்கு எல்லையில்லாப் பெருமை.

அடுத்த காதல் ஜப்பானியம். தொயோத்தாவில் தாயிச்சி ஓனோ வளர்த்த முறைக்கு ‘லீன்’ என்று பெயர் வைத்தவர் ஜான் கிராஃப்சிக், 1988இல். அதிக உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, தேவையற்ற வேலை, கையிருப்பு, வீண் அசைவு, பழுது என்று ஏழு விரயங்களை ஓனோ எண்ணி வைத்தார். இந்த ஏழில் அதிக உற்பத்தியைத்தான் அவர் மற்றவற்றின் தாயாகப் பார்த்தார். நம் ஊரில் அதிகம் செய்தவனுக்குத்தானே மாலை போடுவோம்! தேவைக்கு மேல் செய்வதே முதல் விரயம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

அதே குடும்பத்துப் பிள்ளை டிபிஎம், முழுமையான உற்பத்திப் பராமரிப்பு. செய்இச்சி நகாஜிமா எடுத்துச்சொல்லி, 1971இல் நிப்போன்டென்சோ கம்பெனி நடத்திக் காட்டியது. இயந்திரத்தை ஓட்டுபவரே அதைத் துடைக்க வேண்டும். ஏன் தெரியுமா? துடைக்கும் கைக்குத்தான் தளர்ந்த திருகு தட்டுப்படும், கசியும் எண்ணெய் தெரியும், மாறிப்போன சத்தம் கேட்கும். டிபிஎம் கொடுத்த ஓஇஇ (இயந்திரத்தின் மொத்தச் செயல்திறன்) என்ற எண் இன்னொரு வரம். ஓடிய நேரம் 90 சதவீதம், ஓடிய வேகம் 95 சதவீதம், நல்ல உருப்படி 99 சதவீதம். மூன்றும் தனித்தனியே பார்க்கப் பிரமாதம். பெருக்கினால் 84.6. உலகத் தரம் என்று வழக்கமாகச் சொல்லும் 85ஐக்கூடத் தொடவில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவுக்கு அதுவே முதல் டெமிங் பரிசு. 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் வாங்கியது. ஜப்பானில் 1951இல் தொடங்கிய அந்தப் பரிசைப் பாடித் தொழிலாளர்கள் கையில் ஏந்தினார்கள் என்பதை எங்கள் தொழிற்சாலைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்லாமல் எந்தப் பயிற்சியையும் நான் முடிப்பதில்லை.

ஆனால் என்னை முழுதாக ஆட்கொண்டது இந்த இரண்டும் இல்லை. எலியாஹு கோல்ட்ராட் என்ற இஸ்ரேலிய இயற்பியல்காரர் ஜெஃப் காக்ஸோடு சேர்ந்து 1984இல் ‘தி கோல்’ என்று ஒரு நாவல் எழுதினார். ஆமாம், நாவல்! மூடப்படவிருக்கும் தொழிற்சாலையின் மேலாளர்தான் கதாநாயகன். அதில் அவர் சொல்லும் தடைக் கோட்பாடு ஒரே ஒரு கேள்வியில் அடங்கும்: எங்கே தேங்குகிறது?

பினாங்கு ரோட்டில் நாசி கண்டார் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோறு போடுபவர் மின்னலாகப் போடுவார். கோழியை வெட்டுபவர் அதைவிட வேகம். நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றும் ஒருவரிடம்தான் தட்டுகள் குவியும். சோறு போட இன்னொருவரை வைத்தால் வரிசை குறையாது, தட்டுகள்தான் இன்னும் குவியும்.

எங்கள் துறையில் இதை எண்ணாக எழுதுகிறேன். ஒரு லைனில் சிப்பை ஒட்டும் கட்டம் மணிக்கு 1,200 செய்கிறது. கம்பி இணைக்கும் கட்டம் 600. மோல்டிங் 1,500. இந்த லைன் மணிக்கு எத்தனை தரும்? 600தான். ஒட்டும் இயந்திரத்தை 1,400க்கு உயர்த்தி விருது வாங்கலாம். லைன் தருவது அதே 600. மேம்பாடு என்ற பெயரில் குவியலைத்தான் வளர்த்திருப்போம். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி குவியலின் விலையையும் சொல்லிவிடுகிறது. லைனுக்குள் 50,000 உருப்படி கிடக்கிறது, நாளுக்கு 10,000 வெளியேறுகிறது என்றால், இன்று உள்ளே போனது ஐந்து நாள் கழித்துத்தான் வெளியே வரும். எந்த மேலாளர் எவ்வளவு சத்தம் போட்டாலும் ஐந்து ஐந்துதான்.

நான் கண்ணால் கண்டதைச் சொன்னால்தான் என் ஆவேசம் உங்களுக்குப் புரியும். நான் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில் கம்பி இணைக்கும் பகுதியில் ஒரு தொல்லை. முடியைவிட மெல்லிய, 25 மைக்ரான் தங்கக் கம்பி சில இடங்களில் ஒட்டாமல் எழும்பிவிடும். இயந்திரம் நின்று சிவப்பு விளக்குப் போடும். ஆப்பரேட்டர் ஓடிவந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சரிசெய்து மறுபடி ஓட்ட வேண்டும். சிக்ஸ் சிக்மா குழு உட்கார்ந்தது. இயந்திர வாரியாக, ஷிஃப்ட் வாரியாக, கம்பிச் சுருள் வாரியாக, கம்பியை வழிநடத்தும் கேப்பிலரி முனை வாரியாக எண்கள் குவிந்தன. எதிலும் பிடி கிடைக்கவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வரும் ஓர் அக்கா அங்கே ஆப்பரேட்டர். பணி ஓய்வை நெருங்கியவர். அவர் சொன்னார்: “தம்பி, பிளாஸ்மா முடிஞ்சு சுடச்சுட வர்ற லாட்டு நல்லா ஓடுது. கெபினெட்ல ரொம்ப நேரம் கெடந்த லாட்டுதான் நிக்குது. அதையும் ஒரு தடவை பாருங்களேன்.”

பார்த்தோம். லாட்டு என்றால் லைனில் ஒன்றாக நகரும் ஒரு தொகுதி சிப்புகள். கம்பி இணைப்பதற்கு முன் சிப்பின் மேற்பரப்பைப் பிளாஸ்மாவால் சுத்தம் செய்வார்கள். அந்தச் சுத்தம் நிரந்தரமில்லை. காத்திருக்கக் காத்திருக்க மேற்பரப்பில் மறுபடி அழுக்குப் படியும். காத்திருந்த நேரத்தைக் கிடையச்சிலும் ஒட்டாத எண்ணிக்கையைச் செங்குத்து அச்சிலும் போட்டதும் அக்கா சொன்னது அப்படியே கோடாக ஏறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிக்ஸ் சிக்மாவின் அழகு இது. ஓர் அனுபவசாலியின் உணர்வை எல்லாரும் ஒப்புக்கொள்ளும் சான்றாக மாற்றித் தருகிறது.

அடுத்த கேள்வி: லாட்டுகள் ஏன் காத்திருக்கின்றன? கம்பி இணைக்கும் பகுதிதான் லைனின் தடை. அதற்கு முன்னே இருப்பவர்கள் தங்கள் இயந்திரம் சும்மா நிற்கக்கூடாதென்று ஓட்டித் தள்ளுகிறார்கள். தரப் பிரச்சினை என்று நாங்கள் துரத்தியது உண்மையில் ஓட்டப் பிரச்சினை! இந்த முடிச்சு அவிழ்ந்த கணத்தை நினைத்தால் இப்போதும் மனம் துள்ளுகிறது.

கோல்ட்ராட் சொல்லும் படிகள் அதன்பிறகு எங்களை வழிநடத்தின. தடையைக் கண்டுபிடி. அதை முழுக்கப் பயன்படுத்து. மற்ற எல்லாவற்றையும் அதன் வேகத்துக்குப் பணியவை. பிறகுதான் பணம் செலவழித்து அதன் திறனைக் கூட்டு. தடை இடம் மாறியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கு.

முழுக்கப் பயன்படுத்துவது என்றால் என்ன? கம்பி இணைக்கும் இயந்திரம் உணவு இடைவேளையில் நிற்கக்கூடாது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மலாய் நண்பர்கள் போகும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள், தீபாவளி வாரத்தில் அவர்கள் எங்களுக்குப் பார்த்துக்கொண்டார்கள். இங்கேதான் டிபிஎம் உள்ளே வந்தது, எல்லா இயந்திரத்துக்கும் அல்ல, அடிக்கடி நிற்கும் இந்த இயந்திரங்களுக்கு மட்டும். இங்கேதான் ஷிகெயோ ஷிங்கோவின் விரைவு மாற்று முறையும் வந்தது. வேறு வகை சிப்புக்கு மாறும்போது ஹீட்டர் பிளாக், கிளாம்ப் எல்லாம் மாற்ற வேண்டும். மாற்றும் வேலையை வீடியோ எடுத்து எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். பாதி நேரம் யாரும் இயந்திரத்தைத் தொடவேயில்லை! பிளாக்கைத் தேடிக் கடைசி அலமாரிவரை நடந்தார்கள், முதல் உருப்படியைச் சோதிக்கத் தரப்பிரிவு ஆள் வரும்வரை காத்திருந்தார்கள். அடுத்த வகைக்கு வேண்டிய பிளாக், கிளாம்ப், கேப்பிலரி, கம்பி எல்லாம் இயந்திரம் ஓடும்போதே ஒரு தள்ளுவண்டியில் பக்கத்தில் வந்து நிற்க ஏற்பாடாயிற்று. தரப்பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் போயிற்று. ஒரு ரிங்கிட்டுக்குக்கூடப் புது இயந்திரம் வாங்கவில்லை.

பணியவைப்பதுதான் கடினம். ஒட்டும் பகுதியின் சூப்பர்வைசர் என்னைவிட மூத்தவர், நல்ல மனிதர். “என்ன தம்பி, நல்லா ஓடுற மெஷினை நிறுத்தச் சொல்றீங்க? மாசக் கடைசியில யூட்டிலைசேஷன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்றார். “அண்ணே, நீங்க நிறுத்தினாத்தான் லைன் ஓடும்” என்றேன். அவர் கேட்டது நியாயம். இயந்திர வாரியாக மார்க் போடும் கம்பெனியில் தடைக் கோட்பாடு பிழைக்காது. மேலாளர் அந்த எண்ணை அவர் கணக்கிலிருந்து எடுத்தபிறகு அவரே கெபினெட்டில் சிவப்பு நாடா ஒட்டி, இதற்கு மேல் லாட்டு வைக்கக்கூடாது என்று கோடு போட்டார். காத்திருப்பு குறைந்தது. கம்பி ஒட்டாத தொல்லையும் அதோடு அடங்கியது.

எல்லா முறையும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று சிலர் சமாதானம் பேசுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சிக்ஸ் சிக்மா ‘ஏன் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது’ என்று கேட்கிறது. லீன் ‘இதில் எது வாடிக்கையாளருக்குத் தேவையில்லை’ என்று கேட்கிறது. டிபிஎம் ‘இயந்திரம் ஏன் நின்றது’ என்று கேட்கிறது. மூன்றும் நல்ல கேள்விகள், ஆனால் எந்த இடத்தில் கேட்பது என்று மூன்றும் சட்டென்று சொல்வதில்லை. லீன் எல்லா விரயத்தையும் துரத்துவதால் முதலில் எளிதான மூலையில் போய் நிற்கும். சிக்ஸ் சிக்மாவுக்குத் தரவும் பயிற்சியும் நாளும் வேண்டும். அதைத் தடையில்லாத கட்டத்தில் செலவழித்தால் அழகான அறிக்கை வரும், லைன் ஒரு சிப்கூடக் கூடுதலாகத் தராது. கோல்ட்ராட்டின் கேள்வியோ எங்கே நிற்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுகிறது. அங்கே நின்றபிறகு மற்ற மூன்றும் பத்து மடங்கு பலம் பெறுகின்றன.

இன்டெல்லின் ‘காப்பி எக்ஸாக்ட்லி’ என்ற முறையையும் சொல்ல ஆசை. ஓரிடத்தில் வேலை செய்வதை மற்ற இடத்தில் குழாயின் நீளம்வரை அப்படியே பிரதி எடுப்பது. தொடர்ந்து சிறுசிறு திருத்தம் செய்யச் சொல்லும் கைசன்காரர்களுக்கு இது கைவிலங்காகத் தெரியும். எனக்கு மதிப்புண்டு. நுண்ணிய செயல்முறையில் ஆளாளுக்கு நல்லெண்ணத்தோடு திருத்தினால் எந்தத் திருத்தம் எதைக் கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மேம்பாட்டுத் திட்டம் தொடங்குகிறோம், எந்த முறையை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இது: தடைக் கோட்பாட்டில் தொடங்குங்கள், தடையில் டிபிஎம்மும் விரைவு மாற்று முறையும் போடுங்கள், புரியாத மாறுபாடு மிஞ்சினால் சிக்ஸ் சிக்மாவை அழையுங்கள், அதன்பிறகு லைன் முழுக்க லீன் போகட்டும். வரிசையை மாற்றாதீர்கள்.

பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் பத்து காவானிலும் டெக்னீஷியனாக, லைன் லீடராக இருக்கும் தம்பி தங்கைகளே, சிக்ஸ் சிக்மாவின் பச்சைப் பெல்ட், கருப்புப் பெல்ட் சான்றிதழ் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஷிஃப்ட் தொடங்கும்போது லைனை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை நடந்து பாருங்கள். எந்த அலமாரியில் அதிகம் குவிந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த இயந்திரத்தில் நிற்கும் அக்காவிடம், எப்போது நிற்கிறது, எப்போது நன்றாக ஓடுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதி மேலாளரிடம் கொடுங்கள்.